விறகுக் கொட்டிலில் ஒரு தீவின் கதை

2022 ஏப்ரலில் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் ஒன்றின் விலை 4,860 ரூபா ஆனது. அதற்கு ஆறேழு மாதத்துக்கு முதல் அதே சிலிண்டர் 1,493 ரூபா. விலையை விடப் பெரிய பிரச்சினை, அந்த விலைக்கும் அது கிடைக்கவில்லை. கம்பஸ் ஒன்லைனுக்குப் போய்விட்டதால் நான் அப்போது பேசாலையில் அம்மம்மா வீட்டில் இருந்தேன். ஒரு காலமை லாண்ட்மாஸ்டரில் விறகு வந்து முற்றத்தில் இறங்கியது. "அடுக்கி வை பிள்ளை" எண்டு சொல்லிவிட்டு அவ பூசைக்குப் போயிட்டா.

நான் கொட்டிலுக்குள் அழகாகத்தான் அடுக்கினேன். நீளம் பார்த்து, நுனி பார்த்து, சுவர் எழுப்பின மாதிரி. போட்டோ கூட எடுத்தேன். அவ வந்து எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை இது? பாலையையும் வேம்பையும் ஒண்டாப் போட்டு வைச்சிருக்கிறாய். இதில எதை எடுத்து எதுக்கு எரிக்கிறது?"

முழுவதையும் இறக்கினோம். ஒவ்வொரு கட்டையாகக் கையில் எடுத்து, பட்டையைப் பார்த்து, சிலதை மணந்து பார்த்து, இது அங்கே, அது இங்கே எண்டு அவ சொல்லச் சொல்ல நான் திரும்ப அடுக்கினேன். பின்னேரம் வரைக்கும் அதுதான் வேலை. எனக்கு அது வரைக்கும் விறகு எண்டால் விறகு, அவ்வளவுதான். அன்றைக்கு அந்தக் கொட்டிலில் ஆறு வரிசை இருந்தது. ஒவ்வொரு வரிசையும் எங்கே இருந்து வந்தது, ஏன் வந்தது, எப்போது வராமல் நின்றது எண்டு பார்த்தால் மன்னாரின் வரலாற்றில் ஒரு நல்ல பங்கு அதற்குள் கிடக்கிறது. மூலையில் இரண்டு கல்லுக்கு மேல் ஒரு மரம் தனியாகக் கிடந்தது. அதைத் தொட வேண்டாம் எண்டு சொன்னா. அதைப் பற்றிக் கடைசிப் பக்கமாகச் சொல்கிறேன்.

நோர்வேக்காரரும் அம்மம்மாவும்

நோர்வேயில் இருக்கிற சொந்தக்காரப் பொடியன் ஒருவனுக்கு அந்தப் போட்டோவை அனுப்பினேன். அவன் சிரிக்கவில்லை. அங்கே அது பெரிய விசயமாம். 2011 இல் லார்ஸ் மிட்டிங் எண்ட எழுத்தாளர் விறகு வெட்டுவது, அடுக்குவது, காயவைப்பது பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அது அங்கே விற்றுத் தள்ளியது. 2013 பெப்ரவரியில் அந்த நாட்டு அரச தொலைக்காட்சி விறகைப் பற்றி 12 மணித்தியாலம் தொடர்ச்சியாக நிகழ்ச்சி போட்டது. அதில் 8 மணித்தியாலம் அடுப்பில் நெருப்பு எரிவது மட்டும்தான். பட்டை மேலே பார்க்க அடுக்குவதா, கீழே பார்க்க அடுக்குவதா எண்டு பார்த்த சனம் சண்டை பிடித்ததாம்.

அவர்களுக்கு விறகு வீட்டைச் சூடாக்க. எங்களுக்கு வீடு ஏற்கெனவே சூடுதான். மன்னாரில் ஒருவரும் குளிருக்கு விறகு அடுக்குவதில்லை. இங்கே விறகு சோற்றுக்கு, குழம்புக்கு, பனங்கட்டிக்கு, கடலட்டை அவிக்கிறதுக்கு. ஆனால் மரத்தைத் தெரிந்து பிரிக்கிற கணக்கு இரண்டு இடத்திலும் ஒன்றுதான். வித்தியாசம் என்னவெண்டால், அங்கே அந்த அறிவைப் புத்தகமாக்கி அலுமாரியில் வைத்திருக்கிறார்கள். இங்கே அது அம்மம்மாமாரின் கையில் இருக்கிறது. அவர்கள் போனால் அதுவும் போய்விடும்.

எது எந்த வரிசை

முதலாவது வரிசை பற்ற வைக்கிறதுக்கு. காவோலை, பன்னாடை, காய்ந்த பாளை, சுள்ளி. இதெல்லாம் குப்பெண்டு பிடிக்கும், உடனே முடியும். அதனால் வாசல் பக்கம், கைக்கெட்டுகிற இடம்.

இரண்டாவது பனையிலும் தென்னையிலும் இருந்து வருகிற கனத்த சாமான்கள்: பனைமட்டை, ஊமல், சிரட்டை, பொச்சு. ஊமல் எண்டால் கிழங்கு எடுத்த பிறகு மிஞ்சுகிற பனங்கொட்டை. அதுவும் சிரட்டையும் நல்ல வெக்கை தரும், நல்ல கரியும் விழும். பொச்சு எரிவதை விடப் புகைவது கூட. ஆனால் தணலை விடியும் வரை வைத்திருக்கும். தீப்பெட்டிக்குத் தட்டுப்பாடு வந்த காலத்தில் அது சின்ன விசயமில்லை.

மூன்றாவது வேலி மரங்கள்: பூவரசு, கிளுவை, வேம்பு. கதியாலாக நட்டு, குழை ஆட்டுக்குப் போட்டு, தடித்த கொப்பு அடுப்புக்கு வருகிறது. பூவரசு நல்ல விறகு. கிளுவை மென்மை, சும்மா எரிந்து போகும். வேப்பம் புகையில் சோறு கசக்கும் எண்டு அவ சொல்லுவா. அதனால் வேம்பு தண்ணி சுட வைக்கவும் நெல் அவிக்கவும் மட்டும்.

நாலாவது முள் மரங்கள்: உடை, விடத்தல். தீவின் மணலிலும் எதிர்க்கரையின் உவர் நிலத்திலும் வளர்கிற சாதி. குடை விரித்த மாதிரி நிற்கிற உடை மரத்தை மன்னாருக்கு வந்த எல்லாரும் கண்டிருப்பீர்கள். வெட்டக் கஷ்டம், கை கிழியும். ஆனால் சின்னக் கட்டையே கனநேரம் எரியும், புகை குறைவு.

ஐந்தாவது காட்டு மரங்கள்: பாலை, வீரை, புளி. இதில் பாலைதான் ராசா. காய்ந்த பாலைக் கட்டையைத் தண்ணியில் போட்டால் பெரும்பாலும் தாழும், அவ்வளவு கனம். ஒரு கட்டை வைத்தால் ஒரு சோறும் இரண்டு கறியும் முடியும், பிறகும் தணல் இருக்கும்.

ஆறாவதை அவ "வேற" எண்டு சொன்னா. சீமைக்கருவேல். அதற்குப் பிறகு வருகிறேன்.

கொட்டிலுக்குள் விடவே விடாத மரங்களும் உண்டு. முருங்கை வெறும் தண்ணி. கண்டல் பக்கம் நிற்கிற தில்லையின் பால் கண்ணில் பட்டால் பார்வையே போகும், புகையும் கண்ணை எரிக்கும். அதை வெட்டிக்கொண்டு வருகிறவனுக்கு ஊரில் நல்ல பேச்சு விழும்.

இதற்குப் பின்னால் உள்ள பௌதிகம் லேசானது. நன்றாகக் காய்ந்த ஒரு கிலோ விறகு, எந்த மரமாக இருந்தாலும், கிட்டத்தட்ட ஒரே அளவு வெப்பத்தைத்தான் தரும். வித்தியாசம் அடர்த்தியில். ஒரே பருமன் உள்ள பாலைக் கட்டையில் முருங்கைக் கட்டையை விட எத்தனையோ மடங்கு மரம் இருக்கிறது. அடுத்தது ஈரம். பச்சை மரத்தின் நிறையில் பாதி வரைக்கும் தண்ணி இருக்கலாம். அந்தத் தண்ணியை ஆவியாக்கவே நெருப்பின் ஒரு பங்கு போய்விடும், மிச்சம் புகையாகக் கண்ணுக்குள் வரும்.

அந்தக் காலத்தில் விறகுகாலையில் அந்தர் கணக்கில்தான் விற்பனை. ஒரு அந்தர் 112 இறாத்தல், ஏறத்தாழ 50 கிலோ. நிறுத்து வாங்கும்போது ஈர விறகு வாங்கினால் தண்ணிக்குக் காசு கொடுக்கிறீர்கள். அளந்து வாங்கும்போது கோணல் விறகு வாங்கினால் காற்றுக்குக் காசு கொடுக்கிறீர்கள். அம்மம்மா இரண்டு கட்டையை எடுத்து ஒன்றோடு ஒன்று தட்டிப் பார்ப்பா. டங் எண்டு கேட்டால் காய்ந்தது, டொப் எண்டால் ஈரம்.

அடுக்குகிறதும் காலம் பார்த்துத்தான். மன்னாரின் மழையில் பெரும்பங்கு ஒக்ரோபரில் இருந்து டிசெம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். அதனால் விறகு சோளகத்தில் காய வேண்டும், வாடைக்கு முன் கொட்டிலுக்குள் வந்துவிட வேண்டும். கொட்டிலின் சோளகப் பக்கம் திறந்திருக்கும், வாடைப் பக்கம் கிடுகு கட்டி இருக்கும். அடியில் கல், கல்லுக்கு மேல் பனங்குத்தி, அதற்கு மேல்தான் விறகு. இல்லாவிட்டால் கறையானுக்குத்தான் சமையல். இடைவெளி விட்டு ஒழுங்காக அடுக்குவதற்கு இன்னொரு காரணம் சுருட்டைப் பாம்பு. கை வைக்கிற இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

காடில்லாத தீவு

இப்போது வரலாறு. மன்னார்த் தீவில் பனை இருக்கிறது, உடை இருக்கிறது, தென்னை இருக்கிறது. பெரிய காடு இல்லை. பாலையும் வீரையும் நிற்பது தாம்போதிக்கு அந்தப் பக்கம், மடு, முசலி, மாந்தைப் பக்கக் காடுகளில். எங்கள் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள்: விடத்தல்தீவு, இலுப்பைக்கடவை, எருக்கலம்பிட்டி. மரமும் செடியும்தான் முகவரி. தீவுக்காரர் மீனும் கருவாடும் கொடுத்தார்கள், பெருநிலத்தில் இருந்து நெல்லும் விறகும் வந்தது. ஆகவே கொட்டிலின் ஐந்தாவது வரிசை எப்போதும் கடலைத் தாண்டி வந்த வரிசை. பாதை திறந்திருந்தால் பாலை, மூடியிருந்தால் மட்டை.

இந்தக் கரையின் பெரிய கதைகள் எல்லாவற்றுக்கும் பின்னால் விறகு இருக்கிறது. மன்னார்க் கோட்டையைப் போர்த்துக்கீசர் 1560 இல் கட்டினார்கள், 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். அரிப்பில் பிரித்தானிய ஆளுநர் பிரெட்ரிக் நோர்த் 1801 இல் தொடங்கி 1804 இல் முடித்த மாளிகையின் இடிபாடு இன்னும் கடலோரம் நிற்கிறது. கோட்டைக்கும் மாளிகைக்கும் சுண்ணாம்பு வேண்டும். சிப்பியையும் முருகைக்கல்லையும் சுட்டால்தான் சுண்ணாம்பு. 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூளை எரிய வேண்டும். அப்படி எரிப்பதற்கு அந்தக் கரையில் விறகைத் தவிர வேறு என்ன இருந்தது?

முத்துக்குளிப்பும் அப்படித்தான். 1905 ஆம் ஆண்டு மறிச்சுக்கட்டிக் கரையில் நடந்த குளிப்பில் மட்டும் 8 கோடிக்கு மேல் சிப்பி எடுத்தார்கள். கீழக்கரை, காயல்பட்டினம், அரபுக் கரை எண்டு பல இடத்துச் சனம் வந்து, வெறும் மணலில் சில வாரங்களுக்கு ஒரு பட்டினமே எழும்பியது. அத்தனை ஆயிரம் வாய்க்கும் தினம் இரண்டு வேளை சோறு வெந்திருக்க வேண்டும். நான் வாசித்த முத்துக்குளிப்புக் கதைகளில் ஏலமும் முத்தும் கப்பலும் வருகின்றன. அடுப்பு வருவதில்லை. கடலட்டையும் அதே மாதிரி. குடலெடுத்து, அவித்து, மணலில் புதைத்து, திரும்ப அவித்து, காயவைத்துத்தான் சீனக் கரைக்குப் போகும். ஒவ்வொரு கிடாரத்துக்குக் கீழும் ஒரு விறகுக் குவியல்.

காடு யாருடையது

1840 இல் பிரித்தானியர் ஒரு கட்டளைச் சட்டம் கொண்டு வந்தார்கள். 12 ஆம் இலக்கம். காடு, தரிசு, பயிரிடாத, ஆள் குடியில்லாத நிலம் எல்லாம், வேறுவிதமாக நிரூபிக்காத வரைக்கும், முடிக்குரிய சொத்து எண்டு அது எடுத்துக்கொண்டது. உறுதி இல்லாமல் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் போய் வந்தவர்களுக்கு நிரூபிக்க என்ன இருந்தது? பிறகு 1885 இலும் 1907 இலும் காட்டுச் சட்டங்கள் வந்தன. 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம் பலமுறை திருத்தப்பட்டு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. ஒதுக்கிய காடு எண்டு கோடு போட்ட இடத்துக்குள் அனுமதி இல்லாமல் மரம் வெட்டினால் குற்றம்.

அந்தச் சட்டங்களை எல்லாம் கெட்டது எண்டு ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. காட்டை அழித்ததில் தோட்டக்காரரும் மரக் கொந்தராத்துக்காரரும் முன்னுக்கு நின்றார்கள், அவர்களைக் கட்டுப்படுத்தவும் சட்டம் தேவைப்பட்டது. ஆனால் அதே காலத்தில் அரசே மரத்தைத் தேடிப் போனது. பாலை உறுதியான மரம், கறையானுக்கும் மழைக்கும் தாக்குப் பிடிக்கும். அதனால் இலங்கை ரயில்வேயின் தண்டவாளச் சிலிப்பர்க் கட்டைகளுக்கு அது விருப்பமான மரங்களில் ஒன்று. 1914 இல் தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அங்கே இறங்கிக் கப்பல் ஏறித் தனுஷ்கோடியில் மறுபடி ரயில் ஏறலாம். போட் மெயில் எண்டு பெருமையாகச் சொல்லுவோம். ஒரே மரம்தான்: தண்டவாளத்துக்குக் கீழே போனால் அபிவிருத்தி, ஒரு மனுசியின் தலைச்சுமையில் போனால் களவு. விறகுக்குப் போகிற பெண்கள் அதனால் விழுந்து காய்ந்த கொப்பை மட்டும் பொறுக்கப் பழகினார்கள். பச்சை மரத்தில் கை வைக்காத அந்தப் பழக்கம் காட்டுக்கும் நல்லதாகத்தான் இருந்தது.

கதவு

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியது. வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல், டீசல், மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றறி எண்டு நீண்ட பட்டியல். 2002 சமாதான காலத்தில்தான் அது தூக்கப்பட்டது. தீவையும் பெருநிலத்தையும் சேர்த்த பாலம் உடைந்தது. ஐந்தாவது வரிசை காலியானது.

அந்த வருசம் பேசாலையிலும் மடுவிலும் ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பு திறந்த நிவாரண நிலையங்களை நடத்தத் தொடங்கியது. பல்லாயிரம் சனம். அரிசியும் பருப்பும் நிவாரணமாக வரும், ஆனால் அரிசியைப் பச்சையாகத் தின்ன முடியாது. மடுவில் சுற்றிக் காடு, விறகு எடுக்கலாம், உயிருக்குத்தான் பொறுப்பில்லை. பேசாலையில் காடும் இல்லை. மட்டை முடிந்தது, ஊமல் முடிந்தது, வேலிக் கதியால் ஒவ்வொன்றாகக் குறைந்தது. "பக்கத்து வீட்டு வேலி ஒருநாள் காலமை இல்லை. ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை" எண்டு அம்மம்மா சொன்னா.

அதே ஒக்ரோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்னார்கள். ஏறத்தாழ 75,000 பேர். எருக்கலம்பிட்டி, தாராபுரம், மன்னார் நகரத்துச் சனம் வீட்டைப் பூட்டிவிட்டு, கொண்டு போக விட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு, வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்குப் போனார்கள். பெரும்பாலான குடும்பங்கள் புத்தளத்து முகாம்களில் இருபது வருசம் இருந்தன.

வெறும் வீடுகள் அப்படியே நிற்கவில்லை. ஓடு போனது, யன்னல் போனது. அடுத்த வருசம் ஒருவர் வண்டிலில் விறகு விற்று வந்தாராம். அம்மம்மா அரை அந்தர் வாங்கினா. வழக்கம்போல வரிசை பிரிக்கும்போது அதற்குள் ஒரு முதிரைத் துண்டு. முதிரை விறகுக்கு வருகிற மரமில்லை, வீட்டுக்கு வருகிற மரம். திருப்பிப் பார்த்தால் பிணைச்சல் அடித்த பள்ளம், பழைய பச்சைப் பெயின்ற். கதவு நிலை.

"வேற விறகும் இல்லை பிள்ளை. உன்ர அம்மா அப்ப சின்னன், அழுறா. ஆனா அது விறகில்லை. அது ஒராளின்ர கதவு."

அன்றைக்கு அவ அதை எரிக்கவில்லை. அதே வண்டிலில் வந்த மற்றச் சலாகைகளை எரித்தாவா எண்டு நான் கேட்டேன். எரித்தேன் எண்டு சொன்னா. தெரியாமல் இரண்டு நாள் எரித்தேன், பிறகுதான் விளங்கினது எண்டா. மூலையில் கல்லுக்கு மேல் கிடக்கிற மரம் அதுதான்.

இதை எழுதுவதா எண்டு யோசித்தேன். எழுதலாம் எண்டு அவதான் சொன்னா. எங்கள் சனத்துக்கு நடந்ததை எழுத நாங்கள் தயங்குவதில்லை, எழுதவும் வேண்டும். எங்கள் அடுப்பில் எரிந்தது யாருடைய வீடு எண்டும் அதே கையால் எழுத வேண்டும். அவ மரம் தெரிந்தவ எண்டதால்தான் அது அவவுக்குத் தெரிய வந்தது. எல்லாம் விறகு எண்டு பார்க்கிற என் மாதிரி ஆளாக இருந்தால் அந்த நிலையும் சாம்பலாகிப் போயிருக்கும், மனதும் சுத்தமாக இருந்திருக்கும்.

காடாகிப்போன ஊர்

2009 இல் சண்டை முடிந்தது. 2010 இல் புதிய பாலம் திறந்தது. 2015 இல் தலைமன்னாருக்கு ரயில் திரும்ப ஓடியது. காட்டுப் பாலை கொட்டிலுக்குத் திரும்ப வரத் தொடங்கியது. ஆனால் காட்டுக்குள் வேறொன்றும் இருந்தது. மிதிவெடி. விறகு பொறுக்கப் போகிறவர் பாதையால் போவதில்லை, பற்றைக்குள் குனிந்துதான் போவார். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் எந்த நாட்டிலும் முதலில் எச்சரிக்கிற ஆட்களில் விறகுக்குப் போகிறவர்களும் இருப்பது அதனால்தான். மிதிவெடியைத் தடை செய்யும் ஒட்டாவா உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017 டிசெம்பரில்.

முசலிப் பக்கம் திரும்பி வந்த முஸ்லிம் சனத்துக்கு இன்னொரு சிக்கல். இருபது வருசம் ஆள் இல்லாத ஊர் காடாகிவிட்டது. வளவுக்குள் விடத்தலும் வீரையும் எழும்பி நின்றன. அந்தக் காட்டைப் படத்தில் பார்த்தவர்களுக்கு அது காடு. கிணற்றையும் பள்ளிவாசலையும் அதற்குள் தேடினவர்களுக்கு அது ஊர். 2012 இல் அந்தப் பகுதியின் சில காடுகள் வர்த்தமானியில் வந்தன. 2017 இல் மாவில்லு எண்ட பெயரில் சுமார் 40,000 ஹெக்டேர் பேணற்காடாக அறிவிக்கப்பட்டது. வில்பத்துவைக் காப்போம் எண்டு தென்னிலங்கையில் பெரிய இயக்கம் நடந்தது. யானைக்கும் காடு வேண்டும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் 1840 இல் கேட்ட கேள்விதான் 2017 இலும் வந்து நிற்கிறது: ஆள் இல்லாத நிலம் எண்டு சொல்லுகிறீர்களே, அந்த ஆட்கள் ஏன் இல்லாமல் போனார்கள்?

இப்போது அந்த ஆறாவது வரிசை. சீமைக்கருவேல் அமெரிக்காவின் வறண்ட நிலத்து மரம். இந்தியாவுக்கு 19 ஆம் நூற்றாண்டில் வந்தது. எதிர்க்கரை இராமநாதபுரத்தில் அது கண்மாய்களை விழுங்கினது ஒரு பக்கம், கரிமூட்டம் போட்டுப் பல குடும்பங்கள் பிழைப்பது மறுபக்கம். இலங்கையில் முதலில் அம்பாந்தோட்டைப் பக்கம் நட்டார்கள். இன்றைக்கு ராம்சார் ஈரநிலமாக 2010 இல் அறிவிக்கப்பட்ட வங்காலைச் சரணாலயத்துக்குள்ளும் அது பரவிக்கொண்டு இருக்கிறது. பூநாரை இறங்குகிற இடம் அது. விறகாகப் பார்த்தால் சீமைக்கருவேல் கெட்ட மரமில்லை. அடர்த்தி, நல்ல வெக்கை, நல்ல கரி. வெட்ட வெட்டத் தளிர்க்கும். காட்டுப் பாலையை விட்டுவிட்டு இதை வெட்டினால் எல்லாருக்கும் நன்மை. ஆனால் யாரும் திட்டம் போட்டு வெட்டுவதில்லை. கிடைத்ததை வெட்டி ஏற்றி வருகிறார்கள்.

புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும்

இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு விறகடுப்புக்குத் திரும்புங்கள் எண்டு யாரும் சொல்ல வேண்டாம். அம்மம்மாவுக்கு அறுபது வருசம் அடுப்படி. இரவில் இருமல் நிற்காது, ஒரு கண்ணில் கட்ராக் ஒப்பரேசன் முடிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020 இல் மட்டும் வீட்டுக்குள் வருகிற அடுப்புப் புகையால் உலகம் முழுக்க 32 இலட்சம் பேர் இறந்தார்கள். மரம் தெரிந்து, காயவைத்து, நேரம் பார்த்து எரித்தால் புகை குறையும். இல்லாமல் போகாது. 1980களில் இலங்கையில் அனகி எண்ட மண் அடுப்பைச் செய்தார்கள். ஒரே நெருப்பில் இரண்டு சட்டி, விறகும் குறைவு. அது நல்ல வேலை. ஆனாலும் குசினியில் குனிந்து நிற்பது பெண்தான்.

2012 சனத்தொகைக் கணக்கெடுப்பில் இலங்கை வீடுகளில் முக்கால்வாசிக்கும் மேல் சமைப்பது விறகில்தான் எண்டு வந்தது. மன்னார்த் தீவின் தெற்குக் கரையில் இன்று 30 காற்றாடிகள் நிற்கின்றன, 100 மெகாவாற் மின்சாரம். அம்மம்மாவின் கொட்டிலில் இருந்து பார்த்தால் இரவில் சிவப்பு லைற் மின்னுவது தெரியும். அந்தக் கரண்ட் எங்கேயோ போகிறது. இங்கே காவோலை எரிகிறது. விறகடுப்பு எங்கள் பண்பாடு எண்டு பெருமைப்படுவதும், விறகு எரிக்கிறவர்களால்தான் காடு அழியுது எண்டு குற்றம் சொல்வதும், இரண்டும் காஸ் அடுப்பில் தேத்தண்ணி வைத்துக்கொண்டு பேசுகிற பேச்சு.

எனக்குத் தேவைப்படுவது வேறு. அடுப்பு போகட்டும், நல்லது. அதோடு சேர்ந்து மரங்களின் பெயரும் போக வேண்டியதில்லை. எது எந்த நிலத்தில் நிற்கும், எதை வெட்டலாம், எதை விட வேண்டும், எது நேற்று வந்தது எண்டு தெரிந்த சனம்தான் நாளைக்குக் காட்டைப் பற்றிய கூட்டத்தில் எழும்பிப் பேசலாம். வங்காலையில் எந்த மரத்தை அகற்ற வேண்டும், முசலியில் எது பழைய காடு, எது இருபது வருசப் பற்றை எண்டு கேட்டால், செய்மதிப் படத்துக்கு முதல் விறகுக்குப் போன மனுசிகளைக் கேட்கலாம். ஒருவரும் கேட்பதில்லை. நாங்களாவது கேட்போம். உங்கள் வீட்டு ஆச்சி, அம்மம்மா, பெத்தம்மா யாரோடாவது ஒரு பின்னேரம் இருந்து, எந்த மரம் எதுக்கு எண்டு கேட்டு எழுதி வையுங்கள். போனில் பதிவு செய்தாலும் போதும்.

இப்போது காஸ் கிடைக்கிறது. அம்மம்மா தேத்தண்ணிக்கும் அவசரத்துக்கும் காஸ், சோற்றுக்கு விறகு எண்டு வைத்திருக்கிறா. போன விடுமுறைக்குப் போனபோது ஒரு லாண்ட்மாஸ்டர் விறகு வந்தது. ஓட்டி வந்தவன் என் வயசுப் பொடியன். அவ ஒரு கட்டையைத் தூக்கிப் பார்த்து "தம்பி, இது என்ன மரம்?" எண்டு கேட்டா.

"விறகுதான் அம்மா" எண்டான் அவன்.

அவ ஒன்றும் சொல்லவில்லை. காசைக் கொடுத்து அனுப்பிவிட்டு, "வா பிள்ளை, பிரிப்பம்" எண்டா. கதவு நிலையின் அடிக் கல்லில் கறையான் புற்று ஒன்று எழும்பி இருந்தது. முதலில் அதைத் தட்டிவிட்டு, கல்லை மாற்றி வைத்தோம். பிறகு விறகு.